ஏழாவது பிளகின்

பர்னபாஸுக்கு முதல் அறை விழுந்தது வேலைக்குச் சேர்ந்த அன்றே, காலை பதினொன்றரை மணிக்கு. இடது கன்னம். அவன் செய்த குற்றம், உங்களுக்கு லண்டனில் லாட்டரி விழுந்திருக்கிறது என்று வந்த ஒரு குப்பை மெயிலை அழித்தது.

"உள்ள போன ஆள மண்ணப் போட்டு மூடிட்டு மேல வர்றியா நீ?" என்று கேட்டார் கேப்டன் ராஜேந்திரன்.

கேப்டன் எந்தப் படையிலும் இருந்தவர் இல்லை. தங்கச் சுரங்கம் ஓடிய கடைசிப் பத்து வருஷம், ஷிஃப்ட் முடிந்து மேலே வரும் தொழிலாளிகளை நிற்கவைத்து, வாய்க்குள்ளும் தலைமுடிக்குள்ளும் கைவிட்டுத் தங்கம் தேடும் சோதனை அறையில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடினார்கள். அவர் கையை மூட யாராலும் முடியவில்லை. இப்போது நிலத்தடி வெற்றிட மேற்பார்வை வாரியத்தில் மெயில் பாதுகாப்பு முழுக்க அவர் பொறுப்பு.

பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். பழைய சுரங்கத்துக்கு மேலே குடியிருக்கிற ஜனங்கள், தரை இறங்குகிறது, சுவர் விரிகிறது என்று புகார் கொடுத்தால், வந்து பார்த்து, காலி செய்யச் சொல்லி உத்தரவு கொடுத்து, மாற்று வீடு தருவது வாரியத்தின் வேலை. புகாரை மெயிலில்தான் அனுப்ப வேண்டும். நேரில் வந்து சொல்கிறவர்களுக்கு வாசலில் லத்தி வைத்திருந்தார்கள்.

பர்னபாஸ் பன்னிரண்டு வருஷம் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்குப் போய் வந்தவன். அங்கே ஒரு கம்பெனியில் மெயில் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊரிலேயே வேலை, பத்து மணிக்குப் போனால் போதும் என்றதும் அவனும் அவன் மனைவி அமலாவும் சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். அந்த மெழுகுவத்திக் காசு வீண் என்று பதினொன்றரைக்குத் தெரிந்துவிட்டது.

வேலை என்னவோ சாதாரண வேலைதான். வரும் மெயிலில் குப்பையைப் பிரிக்க வாரியத்திடம் ஒரு ஃபில்டர் இருந்தது. அது பாட்டுக்கு ஒழுங்காக வேலை செய்யும். போதாது என்று வெளிக் கம்பெனிகளிடம் பிளகின் என்கிற ஒட்டு மென்பொருள் ஆறு வாங்கி அதன் தலையில் ஏற்றியிருந்தார்கள். ஒவ்வொரு மெயிலையும் ஆறும் வரிசையாகத் தடவிப் பார்த்து, சந்தேகத்துக்கு இத்தனை என்று மார்க் போடும். ஐந்து மார்க் தாண்டினால் மெயில் குப்பை என்று பிடிபட்டு உள்ளே போய்விடும். அந்தப் பிளகின்களை ஃபில்டரில் இணைத்துப் பூட்டுவதும் புதுப்பிப்பதும் பர்னபாஸின் பொறுப்பு.

அதில் சுரங்க விதி எப்படி நுழைந்தது என்பதைக் கேப்டனே விளக்கினார். "மைன்ல ஒரு ஆளு கீழ எறங்கனா பித்தளை டோக்கன் எடுத்துகினு போவான். ஏறி வந்தா திருப்பித் தருவான். ஒரு டோக்கன் கொறஞ்சாலும் ஷிஃப்ட் முடியாது. உள்ள போனது வெளிய வரணும், தெரியுதா? மெயிலுக்கும் அதான் ரூல்."

ஆகவே ஃபில்டர் பிடித்த ஒவ்வொரு குப்பைக்கும் ஒரு பித்தளை டோக்கன். சரோஜம்மா என்ற எழுத்தர் அம்மாள் ஆணிப் பலகையில் அதை மாட்டுவார். அழிக்கக் கூடாது என்பதால், பிடிபட்ட குப்பைக்கெல்லாம் "தங்கள் கடிதம் பரிசீலிக்கப்பட்டது, ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்" என்று பதில் போட்டு, டோக்கனைக் கழற்ற வேண்டும். குப்பை அனுப்புகிறவனுக்கு யாராவது பதில் போட்டால் அவன் என்ன செய்வான்? சொந்தக்காரர்களுக்கெல்லாம் முகவரியைக் கொடுத்தான். நாளுக்கு நானூறாக இருந்தது மூன்றே மாதத்தில் நாலாயிரம் ஆயிற்று. டோக்கன் போதாமல் பங்காருபேட்டையில் பித்தளை வார்த்து வாங்கினார்கள். ஒரு நாள் கணக்கில் ஒன்று குறைந்தது. கதவைப் பூட்டி, வரிசையில் நிற்கவைத்து, பதினான்கு பேருக்கும் முழங்காலுக்குக் கீழே லத்தி. கடைசியில் டோக்கன் கேப்டனின் சட்டைப் பையில் இருந்தது. அடித்த அடியைத் திருப்பி எடுக்க விதியில் இடமில்லை.

பிளகின் பூட்டுவது இன்னும் விசேஷம். முதலில் சங்கு ஊத வேண்டும். ஷிஃப்டுக்கு ஊதிய பழைய சுரங்கச் சங்கைக் கேப்டன் கழற்றிக் கொண்டுவந்து மொட்டைமாடியில் வைத்திருந்தார். அது ஊதினால் அடுத்த ஊரான உரிகத்தில் தூங்குகிற குழந்தை எழுந்து அழும். பிறகு மூன்று முறை மணி அடிக்க வேண்டும். பிறகு பர்னபாஸ் சர்வர் அறைக்குள் போவான். வேலை முடிந்து வெளியே வந்தால், உடையைக் களைந்து, வாயைத் திறந்து காட்ட வேண்டும். எவன் மெயிலையாவது ஒளித்துக் கொண்டுபோகிறானா என்று சோதனை. மெயிலை வாயில் வைக்க முடியாது என்று இரண்டாம் வாரம் அவன் எடுத்துச் சொன்னான். வலது கன்னம்.

இதெல்லாம் அவன் பொறுத்துக்கொண்டான். மாதா மாதம் சம்பளம் வருகிறது, கன்னம் தானாக ஆறிவிடுகிறது என்று இருந்தான். பொறுக்க முடியாதது ஜூன் மாதம் வீட்டில் தொடங்கியது.

கோரமண்டல் பகுதியில் அவர்கள் இருந்தது சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லைன் வீடு. அடுப்படிச் சுவரில் ஒரு விரிசல். திங்கட்கிழமை அதில் நாணயம் நுழைந்தது. வியாழக்கிழமை அமலாவின் கை நுழைந்தது.

"இன்னாங்க, ராத்திரியெல்லாம் கீழ யாரோ கல்ல உருட்டற மாதிரி கீது," என்றாள் அமலா. "வாங்க, எங்க அக்கா வூட்டுக்குப் போயிரலாம்."

"உத்தரவு இல்லாம காலி பண்ணா, வுட்டுட்டுப் போனதா எழுதிருவாங்க அமலா. மாத்து வூடு கெடைக்காது. நான் அங்கதான வேல செய்யறேன்? ஒரு மெயில் போட்டா ரெண்டே நாளு."

அன்றே எழுதினான். 'எங்கள் வீட்டு அடுப்படிச் சுவர் எந்த நேரமும் இடிந்து விழும். உயிருக்கு ஆபத்து. உடனே வந்து பார்க்கவும்.'

மறுநாள் பத்தேகாலுக்கு, பிடிபட்ட மெயில்களின் பட்டியலில் அதைப் பார்த்தான். தமிழில் எழுதியதற்கு இரண்டு மார்க். 'உடனே'வுக்கு ஒன்று. மூன்றாவது பிளகின் மிரட்டல் கண்டுபிடிப்பது. 'இடிந்து விழும்', 'உயிருக்கு ஆபத்து' இரண்டுக்கும் சேர்த்து அது ஆறு போட்டிருந்தது. மொத்தம் ஒன்பது. லண்டன் லாட்டரிக்கே ஏழுதான்.

"முன்னூத்திப் பதினெட்டாம் நம்பர் டோக்கன், தம்பி," என்றார் சரோஜம்மா, மாட்டிக்கொண்டே.

அதை விடுவிக்க ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். பர்னபாஸின் விரல் அதன் மேல் போகவும், கேப்டனின் லத்தி விரல் மேல் விழவும் சரியாக இருந்தது. சுண்டுவிரல் நகம் பெயர்ந்து வந்தது.

"சொந்த மெயில நீயே வெளிய எடுக்கறியா? மைன்ல வேல செய்யறவன் அவன் வெட்டன கல்ல அவனே எடுத்துகினு போனா அதுக்கு இன்னாய்யா பேரு? திருட்டு!"

"சார், அது கல்லு இல்ல சார். எங்க வூட்டுச் செவுரு."

"யாரு வூட்டுச் செவுரா இருந்தாலும் ரூலு ஒண்ணுதான். அதான் இந்த ஆபீஸோட அழகு."

விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பர்னபாஸ் பணிவாக மறுபடி எழுதினான். 'மாண்புமிகு ஐயா அவர்களின் பொற்பாதங்களுக்கு. அடியேன் வீட்டுச் சுவர் சற்றே ஓய்வெடுக்க விரும்புவதாகத் தெரிகிறது. தங்களுக்கு நேரம் இருக்கும்போது, மனமிருந்தால்...' நான்காவது பிளகின் பாய்ந்து பிடித்தது. இவ்வளவு பணிவாக எழுதுகிறவன் ஏமாற்றுக்காரனாகத்தான் இருப்பான் என்று அதற்குப் பழக்கப்படுத்தியிருந்தார்கள். எட்டரை மார்க்.

இன்னும் ஒரு வழி இருந்தது. மிரட்டல் பிளகினின் புது வெர்ஷனில் தமிழைக் கொஞ்சம் தேற்றியிருந்தார்கள். அதைப் பூட்டிவிட்டால் முன்னூற்றுப் பதினெட்டு தானாக வெளியே வந்துவிடும். ஆனால் மூன்றாவதைத் தொட்டால் ஐந்தும் ஆறும் நின்றுவிடும். ஐந்தாவதை விற்றவன் ஆஷ்லி, ஆறாவதை விற்றவன் சரத். இருவரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று கேப்டன் சொன்னார். சொந்தச் செலவில் போன் போட்டு, கெஞ்சி, இருவரையும் பர்னபாஸ் ஒரே நாளில் சர்வர் அறைக்கு வரவழைத்தான். அது தப்பாகப் போயிற்று.

ஐந்தாவது பிளகின், தான் சோதித்த மெயிலின் அடியில் 'இது பாதுகாப்பானது' என்று கம்பெனிப் பெயரோடு ஒரு வரி சேர்க்கும். ஆறாவது அந்த வரியை விளம்பரம் என்று பிடித்து மூன்று மார்க் போடும். இது ஒரு வருஷமாக நடக்கிறது. இருவரும் முகத்தோடு முகம் பார்த்தது அன்றுதான்.

"நின் பிளகினே ஸ்பாம் கணோ!" உன் பிளகினே குப்பைதான்டா என்று கன்னடத்தில் சொன்னான் ஆஷ்லி.

"இன்னொரு தபா சொல்லு பாக்கலாம்," என்றான் சரத்.

ஆஷ்லி சொன்னான். சரத் கீபோர்டைப் பிடுங்கி அவன் வாயிலேயே அடித்தான். எழுத்துகள் தரையெங்கும் சிதறின. நடுவே இரண்டு பல். ஆஷ்லி நெட்வொர்க் கேபிளை உருவி சரத்தின் கழுத்தில் இரண்டு சுற்று சுற்றி, முழங்காலை முதுகில் வைத்து இழுத்தான். கேப்டன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். சர்வர் அறைக்குள் நடப்பது வெளியார் சமாசாரம், வாரியத்துக்குச் சம்பந்தம் இல்லை என்பது ஒப்பந்தத்தில் பதினேழாவது ஷரத்து. பர்னபாஸ் ஓடிப்போய் விலக்கினான். விலக்கியவனுக்கு இருவரும் சேர்ந்து கொடுத்தார்கள். இருவரும் ஒற்றுமையாகச் செய்த ஒரே வேலை அது. பிறகு மூன்று பேரையும் உடை களையவைத்துச் சோதித்தார்கள். ஆஷ்லியின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, 'பல் இரண்டு குறைவு, தரையில் இரண்டு, கணக்குச் சரி' என்று கேப்டன் எழுதவைத்தார். கையெழுத்து ஆகவில்லை. புது வெர்ஷன் பூட்டப்படவில்லை.

இப்படிப் பதினெட்டு நாள் போயிற்று. பதினெட்டாம் நாள் காலை பத்து மணிக்குச் சுவர் விழுந்தது.

அமலா தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ஆடு கத்தியதும் நிமிர்ந்து ஒரு அடி நகர்ந்தாள். அந்த ஒரு அடிதான் அவளைக் காப்பாற்றியது, ஆடு நகரவில்லை. வலது கை கற்களுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. லைன் ஜனம் கடப்பாரை போட்டு நெம்பி எடுக்க நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷமும் அவள் வாரியத்தைத் திட்டிய திட்டை எந்தப் பிளகினும் தாங்கியிருக்காது. கை மூன்று இடத்தில் முறிந்திருந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் வீங்கிய முகத்தோடு கிடந்தவளைப் பார்த்ததும் பர்னபாஸ், நான்தானே இருக்கச் சொன்னேன் என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டான்.

மறுநாள் வாரியத்தில் விசாரணை. முன்னூற்றுப் பதினெட்டை அச்செடுத்து மேஜையில் வைத்திருந்தார்கள். இப்போதாவது தலைகுனிவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனான், பாவி.

"பாருங்க," என்றார் கேப்டன் மற்ற அதிகாரிகளிடம். "பதினெட்டு நாளைக்கு முன்னாடியே செவுரு இடிஞ்சு விழும்னு மிரட்டிகிறான். மூணாம் நம்பர் பிளகின் அப்பவே புடிச்சிருச்சு. நேத்து செவுரு இடிஞ்சு வுழுந்துகீது. சொன்னத செஞ்சுட்டான்."

"சார், நான் ஆபீஸ்ல இருந்தேன் சார்! நீங்கதான் டோக்கன் எண்ணச் சொன்னீங்க!"

"அதான் கேக்கறேன். இங்க குந்திகினு அங்க எப்படிய்யா இடிச்ச?"

அதைக் கண்டுபிடிக்கத்தான் லத்தி. உள்ளங்கையில் பதினாறு, முதுகில் எட்டு. தெரியாததைச் சொல்ல முடியாமல் அவன் தரையில் கிடந்தபோது, குடியிருப்பவரே இடித்த வீட்டுக்கு மாற்று வீடு கிடையாது என்று தீர்மானம் நிறைவேறியது. வாரியம் ஆரம்பித்த நாள்முதல் ஒரு பிளகின் உண்மையான மிரட்டலைப் பிடித்தது இதுதான் முதல் தடவை என்பதால், அந்த வெற்றியைக் கொண்டாட ஏழாவது பிளகின் வாங்கவும் முடிவாயிற்று. குற்றவாளியே அதைப் பூட்டித்தர வேண்டும், அதுதான் தண்டனை.

விழாவுக்கு வாரியத்தின் மண்டபத்தில் முப்பது பேர். மாலை, மைக், மிக்சர். பர்னபாஸ் சர்வர் அறையில் வீங்கிய கையோடு வேலை செய்துகொண்டிருந்தான். ஏழாவதற்கு இடம் ஒதுக்கப் பழைய பட்டியலைத் திறந்தபோது, ஒரே முகவரியிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு மெயில் வரிசையாக நின்றது. லாட்டரிக்காரன் என்று நினைத்துத் திறந்தான்.

லாட்டரிக்காரன் இல்லை. வாரியக் கட்டடத்துக்கு அடியிலேயே, தரை இறங்கினால் அளந்து சொல்ல ஒரு கருவி புதைத்திருந்தார்கள். அது மணிக்கு ஒரு மெயில் அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது, விளம்பரம்தான் என்று ஆறாவது பிளகின் பிடித்துப் போட்டிருந்தது. முதல் மெயிலில் தரை இரண்டு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. கடைசி மெயிலில் எழுபத்து நான்கு.

பர்னபாஸ் மண்டபத்துக்கு ஓடினான். மேடையில் கேப்டன் பேசிக்கொண்டிருந்தார்.

"இந்த வாரியம் ஆரம்பிச்சுப் பதினோரு வருஷம் ஆச்சு. சுத்துப்பட்டுல ஆயிரத்து எரநூறு வூட்டுல விரிசல். ஆனா இன்னிக்கு வரைக்கும் ஒரே ஒரு புகார்கூட எங்க மேஜைக்கு வந்து சேந்தது இல்ல. நெஞ்ச நிமித்திச் சொல்றேன், இந்த மாதிரி ஒரு பாதுகாப்பு..."

"சார்! எல்லாரும் வெளிய வாங்க! இந்தக் கட்டடம் எறங்குது!"

கைதட்டல் நின்றது. கேப்டன் மைக்கைக் கையால் பொத்தினார்.

"வாயால சொன்னா எப்படிய்யா சோதனை பண்றது? எதா இருந்தாலும் மெயில்ல போடு."

அவன் அங்கேயே நின்று போனில் தட்டி அனுப்பினான். மேஜை மேலிருந்த கணினி கணீரென்று ஒலித்தது. பிடிபட்டது. "அறுநூத்திப் பதினொண்ணு," என்றார் சரோஜம்மா, பழக்க தோஷத்தில் டோக்கனைத் தேடிக்கொண்டு. பர்னபாஸ் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான். கூட வாங்க என்று தொண்டை கிழியக் கத்தினான். மிக்சரை விட்டு ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஏழாவது பிளகினைத் தொடங்கிவைக்க மாடியில் சங்கு ஊதியது.

சங்கு முழுசாக ஊதி முடிக்கவில்லை. முதலில் மேடை போயிற்று, பிறகு மண்டபம், அதன் மேல் மாடி, எல்லாவற்றுக்கும் மேல் சங்கு. பதினோரு அடி ஆழம். யாரும் சாகவில்லை; உடைந்த எலும்பு நாற்பத்து மூன்று. புழுதிக்குள்ளிருந்து ஒருவரையொருவர் மிதித்தும் கடித்தும் மேலே ஏறப் பார்த்தார்கள். எட்டியவன் அடுத்தவன் மாலையைப் பிடித்துக் கீழே இழுத்தான். போன் கையிலிருந்தவர்கள் வாரியத்துக்கே மெயில் போட்டார்கள்: உயிருக்கு ஆபத்து, உடனே காப்பாற்றவும். சர்வரும் அவர்களோடு விழுந்து, பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை மெயிலையும் அது பிடித்தது.

கயிறு விட்டுத் தூக்கியது பர்னபாஸும் லைன் ஜனங்களும்தான். உள்ளங்கை பிளந்து கயிறு சிவப்பாயிற்று. ஏன் தூக்குகிறோம் என்று அவனுக்கே ஆத்திரமாக இருந்தது, ஆனாலும் தூக்கினான். கேப்டன் மட்டும் கடைசிவரை ஏறவில்லை. "டோக்கன எண்ணுங்கடா மொதல்ல!" என்று கத்திக்கொண்டே கிடந்தார். அவரைக் கட்டித்தான் தூக்க வேண்டியிருந்தது.

நாலாம் நாள், வாரியம் ஆஸ்பத்திரி வார்டிலேயே கூடியது. எல்லா உறுப்பினர்களும் அங்கேதான் படுத்திருந்தார்கள். அமலாவின் கைக்கட்டை மாற்ற அவளைக் கூட்டிவந்த பர்னபாஸைக் கூப்பிட்டு நிறுத்தி, கழுத்தில் பட்டை மாட்டிய ஒரு அதிகாரி தீர்மானத்தைப் படித்தார். கட்டடம் இறங்கும் என்று பர்னபாஸ் முப்பது பேர் முன்னிலையில் மிரட்டினார், கட்டடம் இறங்கியது, இது இரண்டாம் குற்றம். அவர் எதைச் சொன்னாலும் விழுகிறது என்று நிரூபணமாகிவிட்டபடியால், இனி எந்தக் கட்டடத்தைப் பற்றியும் அவர் வாய்திறக்கக் கூடாது.

"வெக்கமா இல்ல உங்களுக்கெல்லாம்?" என்று அமலா இடது கையால் மருந்துத் தட்டைத் தூக்கி வீசினாள். அது அதிகாரியின் கழுத்துப் பட்டையில் பட்டு விழுந்தது. ஓரக் கட்டிலில் கேப்டன் இரண்டு காலும் மாவுக்கட்டில் தொங்க, மல்லாந்து கிடந்தார். அவர் தலைக்கு மேல் சுவரில், பெயிண்ட் காய்ந்து வெடித்த ஒரு கோடு ஓடியது. பத்து வருஷமாக அப்படியே இருக்கும் போலிருந்தது. பர்னபாஸ் அதைப் பார்த்தான். இரண்டடி முன்னால் போய், தலையைச் சாய்த்து மறுபடி பார்த்தான்.

கேப்டனின் கண் அவன் கண்ணோடு மேலே போயிற்று. கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

"இன்னாய்யா பாக்கற?"

பர்னபாஸ் சுவரை விரலால் மெல்லத் தட்டினான்.

"யோவ், இன்னான்னு சொல்லித் தொலைய்யா! நர்ஸ்! யாராச்சும் இந்தக் கட்டில நகத்துங்க! பர்னபாஸு, டேய், உனக்குக் கோடி புண்ணியம், இன்னாடா தெரியுது அங்க?"

பர்னபாஸ் அமலாவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டான். கதவுவரை போய்த் திரும்பினான்.

"மெயில்ல போடறேன் சார்."